விடியட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 71 வயது. தங்கச்சிமடத்தில் தனியாக இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன மாதம் ஒரு ராத்திரி திடீரென்று வியர்த்துக்கொட்டி மூச்சு வாங்கியது. நெஞ்சுவலி இல்லை, வாய்வுதான் என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு சரியாகிவிட்டது. எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுக்கலாம்?

பதில்: அம்மா, சரியாகிவிட்டது என்று விடாமல் நாளைக்கே போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரக்கூடும். வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், காரணமில்லாத அசதி, இவ்வளவுதான் வெளியே தெரியும், அதைத்தான் நாம் வாய்வு என்று ஒதுக்கிவிடுகிறோம். சர்க்கரை இறங்கினாலும் இப்படி வியர்க்கும். வீட்டில் மெஷின் இருந்தால் பாருங்கள், 70க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் மூச்சு வாங்கினால் எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் 108தான்.

வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, இதற்கும் அப்படித்தான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போகவே 45 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் இன்னும் நூறுக்கு மேல். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுத்தால் அந்த நேரம் படுக்கையிலேயே போய்விடும்.

தலையில் அடிபட விழுந்தாலும், திடீரென்று ஆள், இடம் குழம்பினாலும் பொறுக்கக் கூடாது. குழப்பம் உங்களுக்கே தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர்தான் கவனிக்க வேண்டும்.

பலர் காத்திருப்பது நோய் தெரியாமல் இல்லை, இந்நேரத்தில் யாரைத் தொந்தரவு செய்வது என்ற கூச்சத்தில். உங்களுக்கும் அதுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் பகலிலேயே பக்கத்து வீட்டில் பேசி ஒரு சாவியைக் கொடுத்துவிடுங்கள், ராத்திரி உள்தாழ்ப்பாள் வேண்டாம், பூட்டினால் போதும். மாத்திரைச் சீட்டு, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் போன் செய்வது 108க்கு அப்புறம். அவர்கள் சரி என்று சொல்லட்டும் எனக் காத்திருக்க வேண்டாம்.

மூட்டுவலி, சளி, மலச்சிக்கல் போன்றவை காலைவரை பொறுக்கும். சந்தேகம் வந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104ஐ அழைத்துக் கேளுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.