வட்டம் ஏன் மூலை மூலையாக வருகிறது?

கேள்வி: பேத்திக்கு குயில்ட் (துணி அடுக்கித் தைக்கும் போர்வை) தைக்கிறேன். வெள்ளைத் துணிமேல் இரண்டரை அங்குல வட்டத் துணிகளை வைத்துக் கையாலேயே தைக்க, அதாவது அப்ளிக் செய்ய ஆசை. ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் வட்ட அச்சு அயர்ன் பட்டதும் சுருண்டுவிட்டது. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். அச்சு இல்லாமல் மடித்தால் ஓரம் மூலை மூலையாக நிற்கிறது. விலை கூடிய செட் வாங்கட்டுமா?
- மதுரை வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தை நல்ல துணிக்கும் ஊசி நூலுக்கும் கொடுங்கள்.

அச்சுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். காம்பஸால் வரைந்து வெட்டி, ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். தட்டுகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அட்டையில் இருக்கும் சின்னப் பிசிறுகூடத் துணியில் மூலையாகத் தெரியும். பொடி வட்டங்களுக்கு ஹார்டுவேர் கடை வாஷர் அருமையாக உதவும்.

துணியை அச்சைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் மட்டும் கூடுதலாக வெட்டுங்கள். அந்தக் கால் அங்குலத்தின் நடுவில், இரட்டை நூலால் ரன்னிங் தையல் போடுங்கள், பொடிப்பொடியாக. தையல் பெரிதானால் சுருக்கமும் பெரிதாக விழும்; உங்களுக்கு வரும் மூலை அதுதான். அட்டையை நடுவில் வைத்து, சுருக்குப் பை வாயை இழுப்பதுபோல நூலை இழுத்து முடிச்சிடுங்கள். ஓரத்தில் கஞ்சி தொட்டுத் தடவி அயர்ன் செய்யுங்கள். நன்றாக ஆறிய பிறகே அட்டையை உருவ வேண்டும். சூட்டோடு உருவினால் மடிப்பு நிற்காது, எனக்கே பலமுறை அவசரத்தில் கெட்டிருக்கிறது.

ஆறிய பிறகும் ஓரம் விரிகிறதா? அப்போது துணியைச் சந்தேகப்படுங்கள். காட்டன் என்று சொல்லித் தரும் பாப்ளினில் பாலியெஸ்டர் கலந்திருப்பதுண்டு. மொத்தமாக வாங்கும் முன் கால் மீட்டர் வாங்கி, நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும். அடித்துணி வெள்ளை என்பதால் சிவப்பு, கருநீலத் துணிகளைத் தனியாக நனைத்துச் சாயம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கையூசியில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். 10-ஆம் நம்பர் கேளுங்கள். நூல் வட்டத்தின் நிறத்தில் இருக்கட்டும், அடித்துணியின் நிறத்தில் வேண்டாம். மடிப்பு விளிம்பில் ஓரிரண்டு இழையை மட்டும் பிடித்து, ஊசி வெளியே வந்த இடத்துக்கு நேராக அடித்துணியில் இறக்குங்கள். அங்குலத்துக்குப் பத்துத் தையலாவது விழ வேண்டும். கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளை, அந்தத் துணிக் குழல்களை, ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள், துணிமேல் துணி வைத்துத் தைக்கும் அழகு புரியும்.

சரி, சுருண்ட அச்சு. ‘சூடு தாங்கும்’ என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்ததா? இருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அப்படி எதுவும் எழுதாமல் விற்றிருந்தால் புகார் வலுவாக நிற்பது கஷ்டம். சுருளாமல் மிஞ்சிய அச்சுகளைத் துணியில் பென்சில் கோடு போட வைத்துக்கொள்ளுங்கள்.