வடசென்னை மொட்டை மாடியில் சோலார் எவ்வளவு கரன்ட் தரும்?

தண்டையார்பேட்டையில் சொந்த வீடு, மாடி 600 சதுர அடி, இந்தப் பக்கத்துப் புகையிலும் தூசியிலும் சோலார் தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேறும். வெயிலைப் பற்றிக் கவலையே வேண்டாம், அடையாறில் அடிக்கிற வெயில்தான் ராயபுரத்திலும் அடிக்கிறது. ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், வருஷத்துக்கு 1,400 பக்கம் வரும். மே மாசம்தான் அள்ளிக் கொடுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் பேனல் சூடேறச் சூடேற உற்பத்தி குறையும், அதனால் பிப்ரவரி, மார்ச்தான் நல்ல மாசங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நன்றாகக் குறைந்துவிடும்.

நம்ம பக்கம் எல்லாமே மாடியைப் பொறுத்தது. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, அதுவும் நிழல் விழாத இடமாக வேண்டும், அதனால் 600 அடி என்றதும் 6 கிலோவாட் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள், தண்ணி டேங்க், மாடிப்படி அறை, துணிக்கொடி எல்லாம் கழித்தால் பாதி நின்றாலே பெரிசு. டிசம்பரில் மழை விட்ட ஒரு நாள் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு மாடிக்குப் போய் நிழல் விழுகிற ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். அந்த மாசம் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், 10 அடிச் சுவர் உச்சிப்பொழுதிலேயே வடக்கே 7 அடிக்கு நிழல் விடும், காலையும் மாலையும் இன்னும் நீளம். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் அடிபடும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், அந்த நிழல் குட்டை, விட்டுவிடலாம்.

அப்புறம் தூசி. அனல் மின் நிலையச் சாம்பலையும் கன்டெய்னர் லாரிப் புகையையும் காலம் காலமாக வாங்கிக்கொண்ட ஏரியா இது, நம் மாடியிலேயே புகையில்லாத கரன்ட் வரவேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். அதற்காகவே சொல்கிறேன், வாரம் ஒரு தடவை விடியற்காலையில், கண்ணாடி சூடாவதற்கு முன் கழுவியே ஆகவேண்டும். உப்புப் போர்த்தண்ணி வேண்டாம், காய்ந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும், மெட்ரோ வாட்டர் போதும். கடல்காற்றுக்குச் சாதாரண இரும்பு ஸ்டாண்ட் தாங்காது. நன்றாகக் கால்வனைஸ் செய்ததா (துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசினதா), போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

மானியம், மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த வீட்டு மாடி சோலாருக்கான சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய். பேட்டரி இல்லாமல் போட்டால் கரன்ட் கட்டாகும்போது சோலாரும் நின்றுவிடும், இதை விற்கிறவர்கள் பலர் சொல்வதில்லை.

கடைசியாக, போன வருஷ ஈபி பில்லை எல்லாம் எடுத்துப் பாருங்கள். 3 கிலோவாட் இரண்டு மாசத்துக்கு 700 யூனிட் கொடுக்கும். உங்கள் செலவு இரண்டு மாசத்துக்கு 450 யூனிட்டைத் தாண்டாது என்றால் 2 கிலோவாட்டே தாராளம்.