பொன்னாடையும் பியான்சேயும்

கேள்வி: அமெரிக்காவில் தன்பாலின ஈர்ப்பாளர்களை ஆதரித்தார்கள் என்பதற்காகப் பாடகர்களுக்குப் பொன்னாடை போர்த்தி விருது கொடுக்கிறார்களாமே! பாடியதற்குக் கொடுத்தால் சரி, ஆதரித்ததற்குக்கூடவா? நம் ஊரில் இப்படி ஒன்று வைத்தால் யாருக்குக் கொடுப்பீர்கள்?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: அங்கே பொன்னாடை கிடையாது. அமெரிக்கர்களைப் பார்த்து நான் பொறாமைப்படும் விஷயங்களில் இது ஒன்று. நம் மேடைகளில் போர்த்துகிறவர் கேமராவைப் பார்ப்பார், போர்த்திக்கொள்கிறவரும் கேமராவைப் பார்ப்பார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. ஜரிகை கழுத்தை அறுக்கும். ஃப்ளாஷ் அடித்து முடிந்ததும் துணி நாற்காலிக் கையில் தொங்கும். ஒரு சபாவில் எனக்குப் போர்த்திய ஆடையின் ஓரத்தில், பால்பாயிண்ட் பேனாவால் வேறொரு பிரமுகரின் பெயர் எழுதியிருந்தது. அதை இதே பக்கத்தில் எழுதினேன். அந்தச் செயலாளர் அன்றிலிருந்து எனக்கு அழைப்பிதழ் அனுப்புவதில்லை. பெரிய உபகாரம்.

சரி, விருதுக்கு வருவோம். நீங்கள் சொல்வது, தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பற்றி ஊடகங்கள் என்ன சொல்கின்றன என்று கண்காணிக்கிற கிளாட் (GLAAD) என்ற அமைப்பு தருகிற விருதாக இருக்க வேண்டும். எய்ட்ஸ் பற்றி நியூயார்க் போஸ்ட் பத்திரிகை எழுதிய லட்சணத்தைக் கண்டித்து 1985-இல் கிளம்பிய கூட்டம் அது. பத்திரிகைக்காரர்களைத் திட்டுவதற்கென்றே பிறந்த அமைப்பு என்பதால் எனக்குக் கொஞ்சம் பயம், நிறைய மரியாதை. 1990-லிருந்து விருதும் தருகிறார்கள். ஒரு கையில் பிரம்பு, மறு கையில் மிட்டாய். 2001 கிராமி இசை விருது விழாவில், தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பாட்டிலேயே வசைபாடிவந்த ராப் பாடகர் எமினெமுடன் பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜான் சேர்ந்து பாடினார். எல்டன் ஜானே தன்பாலின ஈர்ப்பாளர், அதற்குள் அதை வெளியில் சொல்லியும் இருந்தார். அரங்கத்துக்கு வெளியே கிளாட் கொடி பிடித்தது. உள்ளே இருவரும் பாடி முடித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெருந்தன்மை என்று அன்றைக்குப் பலர் உருகினார்கள். நான் வெளியே நின்றவர்கள் கட்சி.

2019-இல் பாடகி பியான்சே, ராப் பாடகர் ஜே-ஸீ தம்பதிக்கு, ஆதரவாக நின்ற கலைஞர்களுக்கென்று வைத்திருக்கும் வான்கார்ட் விருதைக் கொடுத்தார்கள். உங்கள் முணுமுணுப்பு அங்கேதான் என்றால், பாதி எனக்கும் உண்டு. உலகமே காலடியில் கிடக்கும்போது ஆதரவு தெரிவிப்பதில் நஷ்டம் என்ன? ஆனால் அந்த மேடையில் பியான்சே பேசியது ஜானி மாமாவைப் பற்றி. தையல் கைவந்தவர், இந்தப் பெண்ணுக்கு உடை தைத்துக் கொடுத்தவர். எச்.ஐ.வி.யோடு அவர் போராடியதை பியான்சே கூடவே இருந்து பார்த்திருக்கிறார். (ஜானி இவருடைய அம்மாவின் அக்கா மகன். நம் கணக்கில் அண்ணன் முறை. முறை தெரியாத தேசம், விடுங்கள்.) ஜே-ஸீயின் தாயார் குளோரியா கார்ட்டர் தன்பாலின ஈர்ப்பாளர். 2017-இல் மகன் அதைப் பாட்டாக்கினார், பாட்டின் முடிவில் தாயின் குரலே பேசுகிறது. மறு வருடம் அந்த அம்மாவை அழைத்துக் கௌரவித்தது கிளாட். மகனுக்குக் கொடுத்ததைவிட அது நல்ல தேர்வு. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு எத்தனையோ வருடம் வாயைத் திறக்காமல் இருந்தவர் அவர்தானே.

உண்மையிலேயே விலை கொடுத்தவர்களுக்கு விருது நேரத்தில் வருவதில்லை. சில்வெஸ்டர் என்று ஒரு சான்ஃபிரான்சிஸ்கோ பாடகர். 1978-இல் அவர் பாடிய டிஸ்கோ பாட்டுக்கு உலகமே ஆடியது. பெண் உடையில் மேடையேறுவார், தான் யார் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. 1988-இல் எய்ட்ஸ் முற்றிய நிலையில், நோயாளிகள் அணியோடு சக்கர நாற்காலியில் ஊர்வலம் வந்தார். அந்த டிசம்பரில் இறந்தார், வயது 41. தன் பாட்டு வருமானத்தை எய்ட்ஸ் தொண்டு அமைப்புகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவர் பாட்டைத் தேசியப் பதிவேட்டில் சேர்த்தது 2019-இல். நல்ல காரியம்தான், முப்பது வருடம் தாமதம்.

அதே 2019-இல் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மதுரைத் திருநங்கை. விருது பரதத்துக்கு, அனுதாபத்துக்கு இல்லை. அதனால்தான் எனக்கு அது பிடித்தது. கலைமாமணியையும் வாங்கியிருக்கிறார். அந்தப் பட்டத்தைக் கூடை கூடையாக அள்ளி வழங்குவது பற்றி நான் எழுதி எழுதி உங்களுக்கே சலித்திருக்கும், இவர் விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை. பரதக் கச்சேரிக்கு வடிவம் கொடுத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் பரம்பரை, பாட்டும் நட்டுவாங்கமும் அவருக்குக் குடும்பச் சொத்து. வீட்டில் இடமில்லாமல் வெளியேறி வந்த அந்த நடராஜுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து, நர்த்தகி என்று பெயரும் வைத்தார். அறிக்கை விடவில்லை, மைக் பிடிக்கவில்லை. நால்வரின் உருப்படிகளை எடுத்துப் பாடம் நடத்தினார், அவ்வளவுதான். இசைக்காரர் ஒருவர் இந்த விஷயத்தில் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? 1999-இல் காலமாகிவிட்டார். மறைவுக்குப் பின் கொடுக்க விதி இடம் கொடுக்குமா என்று யாராவது இழுத்தால், விதியைத் திருத்துங்கள். பாராட்டுப் பத்திரத்தை நானே இலவசமாக எழுதித் தருகிறேன். வாழ்த்துரைக்கு யாரைக் கூப்பிட்டாலும் ஆளுக்கு மூன்று நிமிடம், அமைச்சராக இருந்தாலும்.