முன்வரிசையிலிருந்து: இண்டி ராக் கச்சேரிகள் பற்றிக் கேள்வி பதில்

இருபது வருடங்களுக்கு மேலாகச் சிங்கப்பூரில் இண்டி ராக் பேண்டுகளைத் தேடிப் போய் நேரில் கேட்டு வருகிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லப் போக, ஆளாளுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்னால் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, இண்டி ராக் என்றால் என்ன? மற்ற ராக்கிலிருந்து எப்படி வேறு? (பாலிடெக்னிக் மாணவர், பொங்கோல்)

'இண்டிபெண்டன்ட்' என்ற சொல்லின் சுருக்கம்தான் இண்டி. பெரிய இசை நிறுவனங்களை நம்பாமல் சிறிய லேபிள் (பாட்டு வெளியிடும் நிறுவனம்) வழியாகவோ சொந்தக் காசிலோ பாட்டு வெளியிட்டவர்களுக்கு 1980களில் பிரிட்டனில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போகப் போக அது ஒரு வகை கித்தார் இசைக்கும் பெயராகிவிட்டது. இன்றைக்குப் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட பேண்டையும் இண்டி என்கிறார்கள். தம்பி, வரையறையைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டாம். ஒரு பாட்டு பிடித்தால் அந்த பேண்ட் எங்கே வாசிக்கிறது என்று பார்த்துப் போய் நில்லுங்கள்.

முதன்முதலில் எந்தக் கச்சேரி? ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இதில் எப்படி ஈடுபாடு வந்தது? (ஈசூன்)

எஸ்பிளனேட் கலையரங்கம் 2002 அக்டோபரில் திறந்தது. அடுத்த வருடம், நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை மாலை தோழியோடு மரீனா ஸ்குவேருக்குப் போயிருந்தேன். வெளியே வந்தால் தண்ணீர்ப் பக்கமிருந்து டிரம்ஸ் சத்தம். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். பேபீட்ஸ் என்ற இலவச விழா அது. யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

மேடையில் எங்கள் வயதுப் பையன்கள் நாலு பேர். வேகமான பாட்டு ஒன்றின் நடுவில் கித்தார்க்காரரின் கம்பி அறுந்தது. அவர் நிறுத்தவில்லை. அறுந்த கம்பி மணிக்கட்டில் வந்து வந்து அடிக்க, மிச்சம் ஐந்து கம்பிகளில் பாட்டை முடித்தார். கையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது எனக்குத் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தேன். வீட்டில் அப்பா ஒலி 96.8 வானொலி வைத்தால் கேட்பேன், சினிமாப் பாட்டு எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு பாட்டு என் கண்ணெதிரே உருவாகி, தடுக்கி, எழுந்து ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் போகாமல் இருக்க முடியவில்லை.

மறக்கவே முடியாத இரவு எது? ஒன்றுதான் சொல்ல வேண்டும்! (செங்காங்)

இரண்டு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று 2011. மெல்பர்னில் ஒரு சந்தில் தொடங்கிய லேன்வே விழா முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தது, ஃபோர்ட் கெனிங் புல்வெளியில். ஃபோல்ஸ், டீர்ஹன்டர், வார்பெயின்ட், பீச் ஹவுஸ் என்று அதுவரை இயர்போனில் மட்டுமே கேட்ட பெயர்கள் எல்லாம் ஒரே நாளில். ஜனவரி மாதம் அல்லவா, மழை கொட்டித் தீர்த்தது. சரிவான புல்வெளி சேறாகிவிட்டது. ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் மழையங்கியை நானும் தோழியும் பங்கு போட்டுக்கொண்டு நின்றோம். செருப்பு சேற்றில் புதைந்து போனது, தேடக்கூடத் தோன்றவில்லை. பீச் ஹவுஸ் வாசிக்கும்போது மேடை விளக்கின் ஒளியில் மழைக்கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஆர்கன் ஒலி மெல்ல மெல்லப் பரவியது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண் கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

இன்னொன்று 2018 ஜனவரி, அதே லேன்வே, கரையோரப் பூந்தோட்டத்துப் புல்வெளியில். ஸ்லோடைவ் வந்தார்கள். இங்கிலாந்தின் ரெடிங் நகரத்து பேண்ட். 1990களில் அங்கே பத்திரிகைகள் அவர்களைக் கண்டபடி எழுதின. 1995இல் மூன்றாவது ஆல்பம் வந்த கையோடு லேபிளும் கைவிட்டது, பேண்ட் கலைந்தது. 2014இல் மறுபடி சேர்ந்து, 2017இல், அதாவது 22 வருடம் கழித்து, அடுத்த ஆல்பத்தை வெளியிட்டார்கள். நான் அவர்களைக் கண்டுபிடித்தபோதே அவர்கள் கலைந்துபோன பேண்ட். நேரில் பார்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. மூன்று கித்தார்களும் ஒன்றாக எழும்பியபோது சத்தம் காதில் விழுந்ததைவிட விலா எலும்பில் விழுந்ததுதான் அதிகம். சட்டைத் துணி அதிர்ந்தது. என் கணவருக்கு இந்த இசையில் பெரிய நாட்டம் கிடையாது, எனக்காக வந்தவர். திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்தபடி நிற்கிறார்.

அந்த 2018 விழாவோடு லேன்வே சிங்கப்பூருக்கு வருவது நின்றுபோனது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

நல்ல பேண்டுகள் ஏன் நம்மைத் தாண்டிப் போய்விடுகின்றன? (தெம்பனிஸ்)

வழிதான் காரணம். ஒரு நடுத்தர பேண்ட் கித்தார், ஆம்ப் (கித்தார் ஒலியைப் பெருக்கும் பெட்டி), ஆட்கள் என்று எல்லாவற்றையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறது. சிங்கப்பூருக்கு மட்டும் வந்தால் கட்டுப்படியாகாது. ஆஸ்திரேலியாவில் ஜனவரி, பிப்ரவரி கோடைகாலம், விழாக்கள் நிறைய. அங்கே போகிறவர்கள் வழியில் இங்கே இறங்குவார்கள். ஜப்பானில் ஜூலைக் கடைசியில் ஃபூஜி ராக், ஆகஸ்ட்டில் சம்மர் சோனிக். அதை ஒட்டி பேங்காக், ஜகார்த்தா, மணிலாவோடு நம்மையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே உங்களுக்குப் பிடித்த பேண்டின் பெயர் ஃபூஜி ராக் பட்டியலில் வந்தால் கையில் கொஞ்சம் வெள்ளி சேர்த்து வையுங்கள்.

என் மகளுக்கு 16 வயது. தோழிகளோடு போக வேண்டும் என்கிறாள். சண்டை, குடி என்று இருக்குமா? பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா, ஜூரோங் வெஸ்ட்)

உங்கள் பயம் நியாயமானதுதான் அக்கா, என் அம்மாவும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். நான் பார்த்தவரை இங்கே இண்டி கச்சேரிக் கூட்டம் ரொம்ப மென்மையானது. ஒருவர் தடுக்கி விழுந்தால் நாலு கை தூக்கிவிடும். பாரில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் 18 வயது வேண்டும், அங்கே அவளை விடவே மாட்டார்கள். எஸ்பிளனேட் வெளியரங்கில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கும். முதல் தடவை அங்கே நீங்களும் கூடப் போங்கள். அவள் முன்னால் நிற்கட்டும், நீங்கள் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியில் எந்தப் பாட்டு பிடித்தது என்று கேளுங்கள். அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

கட்டாயம் ஒன்று வாங்கிக் கொடுங்கள்: காதடைப்பான். இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதில் ஒரு சின்ன அறையில் ஸ்பீக்கரை ஒட்டி நின்றேன். வீட்டுக்கு வந்தும் காதில் 'ஙொய்' என்று ஒரே ரீங்காரம், மூன்று நாள் போகவில்லை. அந்த மூன்று நாளும் நான் பட்ட பயம் கொஞ்சநஞ்சமல்ல. 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். ராக் கச்சேரி சர்வசாதாரணமாக 100ஐத் தொடும். இசை கேட்பவர்களுக்கென்றே செய்த காதடைப்பான் இருக்கிறது, பாட்டு மங்காது, சத்தம் மட்டும் குறையும். என் சாவிக்கொத்திலேயே ஒரு ஜோடி தொங்குகிறது.

எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்? (பிடோக்)

ஒலிக்கலவை மேசை எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்று முன்னால். ஒலிப் பொறியாளர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் சமன் செய்கிறார். முன்வரிசையில் டிரம்ஸும் ஆம்பும் நேராக முகத்தில் அடிக்கும், பாடகரின் குரலோ இரண்டு பக்கமும் உள்ள பெரிய ஸ்பீக்கர்களில் தலைக்கு மேலே போய்விடும். ஆனாலும் மனம் கேட்பதில்லை, நான் பாதிக் கச்சேரியை முன்னால்தான் நிற்பேன். விரல்கள் தெரிய வேண்டும், தரையில் டேப் போட்டு ஒட்டிய பாட்டு வரிசை தெரிய வேண்டும் எனக்கு.

1970களில் எனக்கு முடி தோள்வரை இருந்தது, அஞ்சலகத்தில் கடைசியாகத்தான் கவனித்தார்கள். அந்தக் காலத்து ராக் இரசிகர்களின் பாடு உங்களுக்குத் தெரியுமா? (70 வயது வாசகர், அங் மோ கியோ)

ஐயா, படித்தும் கேட்டும்தான் தெரியும். நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியில் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் சுவரொட்டியே இருந்தது. முடி புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கக்கூடாது. 1972இல் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்ட் இங்கே வாசிக்க முடியாமல் போனதும் முடியால்தான். 1990களின் தொடக்கத்தில்கூடக் கூட்டத்தில் ஒருவரையொருவர் மோதி ஆடும் 'ஸ்லாம் டான்ஸ்'ஸுக்குத் தடை வந்தது. உங்கள் தலைமுறை பட்ட பாட்டின் மேல் நின்றுதான் நாங்கள் இன்று சுதந்திரமாக ஆடுகிறோம். வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் நீங்கள் அந்தக் கதைகளை விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு பேண்டுகளைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் ஊரில் யாரும் இல்லையா? (உட்லண்ட்ஸ்)

நல்ல கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். தி ஆட்ஃபெல்லோஸ் 1991இலேயே சொந்தப் பாடல்களோடு ஆல்பம் போட்டவர்கள். ஹம்பேக் ஓக் பேண்டில் பாடிய லெஸ்லி லோ பிறகு தி அப்சர்வேட்டரியைத் தொடங்கினார். ஒவ்வொரு ஆல்பத்திலும் அவர்கள் ஓசை மாறிக்கொண்டே போகும், நான் விடாமல் பின்தொடர்கிறேன். இன்றைய இளையவர்களில் சப்சானிக் ஐ, சாப்ஸ் இரண்டையும் கேளுங்கள். சப்சானிக் ஐயின் கித்தாரில் மழை விட்ட பிறகு புளோக்கின் கீழ்த்தளத்தில் அடிக்கும் வெயில் மாதிரி ஒரு வெளிச்சம் இருக்கிறது.

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் தி சப்ஸ்டேஷன் என்று ஒரு சிறிய கலை இல்லம் இருந்தது. 1990இல் நாடகாசிரியர் குவோ பாவ் குன் தொடங்கியது. அந்தக் கறுப்பு அறையில் நூறு பேர் நின்றால் மூச்சு முட்டும். எத்தனையோ பேண்டுகள் முதன்முதலில் அங்கேதான் வாசித்தன. 2021இல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறினார்கள். அந்தப் பக்கம் போனால் இன்னும் நடை தானாக மெதுவாகிறது.

நம் ஊர் பேண்டுகளுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. பதினேழு வயதில் நாலு நண்பர்கள் சேர்வார்கள், பாட்டு கூடி வரும் நேரத்தில் டிரம்மருக்குத் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி. அவர் இரண்டு வருடம் முடித்து வரும்போது பேஸ் வாசிப்பவர் முகாமுக்குள் போவார். அப்புறம் பல்கலைக்கழகம், வேலை. இதையெல்லாம் தாண்டி ஒரு பேண்ட் ஐந்து வருடம் நிற்கிறது என்றால் அவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: வெளிநாட்டு பேண்டுக்கு முன்னால் உள்ளூர் பேண்ட் வாசிக்கும்போது வெளியே நின்று அரட்டை அடிக்காதீர்கள். உள்ளே போங்கள். முடிந்தால் அவர்கள் டி-சட்டை ஒன்றை வாங்குங்கள்.

தமிழர்கள் யாராவது? (தேக்கா)

ருத்ராவைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1992இல் இங்கே தொடங்கிய பேண்ட். இண்டி இல்லை, கனமான மெட்டல் வகை ராக். வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் அதில் கொண்டுவந்து 'வேதிக் மெட்டல்' என்று உலகெங்கும் பெயர் வாங்கியவர்கள். பாடுபவர் கதிர். மேடையிலிருந்து அப்படி ஒரு பெயர் ஒலிப்பதைக் கேட்ட பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை. சென்னைப் பக்கம் ஸ்க்ராட், தி எஃப்16ஸ் இரண்டும் ஆங்கிலத்தில் பாடும் நல்ல இண்டி பேண்டுகள். தமிழிலேயே வேண்டும் என்றால் 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒன்றாக வந்து மோதும். சாதியைப் பற்றி நேருக்கு நேர் பாடுகிறார்கள். சிங்கப்பூர்த் தமிழில் இப்படி ஒரு கித்தார் பேண்ட் பெரிதாக வரவேண்டும் என்று காத்திருக்கிறேன். கேள்வி கேட்ட தேக்காத் தம்பி கித்தார் வாசிப்பார் என்று கேள்விப்பட்டேன், அவரிடமே இதைச் சொல்லி வைக்கிறேன்.

தனியாகப் போவது ஒரு மாதிரி இருக்காதா? (புக்கிட் பாத்தோக்)

முதல் பத்து நிமிடம் இருக்கும். விளக்கு அணைந்தால் எல்லாருமே தனிதான்.

நிகழ்ச்சி ரத்தானால் பணம்? (செம்பவாங்)

டிக்கெட் மின்னஞ்சலை அழிக்காதீர்கள், அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். ஒருமுறை ஓர் ஏற்பாட்டாளர் நிகழ்ச்சியன்று மாலை ரத்து செய்துவிட்டு, ஐந்து மாதம் இழுத்தடித்தார். நானும் இன்னும் சிலரும் விடாமல் எழுதி எழுதித்தான் வாங்கினோம். வங்கி அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடலாம்.

கடைசிப் பாட்டு வரை நின்றால் எம்ஆர்டி ரயில் போய்விடுமே, என்ன செய்வீர்கள்? (சுவா சூ காங்)

நிற்பேன். முன்பு வார இறுதியில் இரவுப் பேருந்துகள் இருந்தன, 2020இல் நிறுத்தியவை திரும்ப வரவில்லை. இப்போது டாக்சிக்குத் தனியாக ஒரு தொகை எடுத்து வைத்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குகிறேன். ஆனால் வாடகைக் காருக்குக் கூட்டம் அலைமோதிய ஓர் இரவு, நானும் தோழியும் எஸ்பிளனேடிலிருந்து சிராங்கூன் ரோடு வரை நடந்தே போனோம். இரண்டு பேருக்கும் காது லேசாக அடைத்திருந்ததால் உரக்கக் கத்திக்கொண்டே போனோம். பரோட்டாக் கடையில் ஆளுக்கு இரண்டு, ஒரு தே. கல்லில் மாவைத் தட்டிக்கொண்டிருந்த அண்ணன், "எங்கேம்மா, கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். முதல் ரயில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து, அன்றைக்குக் கேட்ட பாட்டுகளை வரிசை மாறாமல் ஒரு நாப்கினில் எழுதினோம். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, குழம்புக் கறையோடு.