ஊற வையுங்கள், உட்காருங்கள்: வீட்டுச் சுத்தமும் ஓய்வும், கேள்வி பதில்

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டே ஓய்வுக்கும் நேரம் ஒதுக்குவது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். போர் தண்ணீர், டைல்ஸ் அல்லது மொசைக் தரை, இரண்டு பாத்ரூம் உள்ள சராசரி வீட்டை மனதில் வைத்து அளவுகள் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டினால் திரும்ப ஏழு மணி. வாரம் முழுக்கச் சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை உட்காராமல் செய்து முடிக்கிறேன். திங்கள்கிழமை எழுந்திருக்கும்போதே அலுப்பாக இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பதில்: தூங்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். 5.30க்கு எழ வேண்டுமென்றால் 10.30க்கு விளக்கை அணைக்க வேண்டும், அதற்கு வீட்டு வேலை 9.30க்கு நிற்க வேண்டும். பாதியில் இருந்தாலும் நிற்கட்டும். வேலையை முடித்துவிட்டுத் தூங்கலாம் என்று வைத்தால் எந்த நாளும் வேலை முடியாது.

அப்புறம், எதை விட்டால் கெடும், எதை விட்டால் வெறும் தூசிதான் என்று பிரியுங்கள். தினமும் விடக்கூடாதவை சாப்பாடும் ஈரமும் சம்பந்தப்பட்டவை: சிங்க் காலியாக வேண்டும், அடுப்பும் மேடையும் துடைக்க வேண்டும், சமையலறைக் குப்பை வெளியே போக வேண்டும், கைப்பிடித் துணி விரித்துக் காய வேண்டும். இவ்வளவும் சேர்ந்து இருபத்தைந்து நிமிடம். கடைசியாக சிங்க்கை ஒரு காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கரப்பான்பூச்சி பட்டினியைத் தாங்கும் அளவுக்குத் தாகத்தைத் தாங்காது. இரவில் அது தேடி வருவது அந்தத் தண்ணீரைத்தான்.

வாரத்துக்கு ஒரு முறை செய்பவற்றை நாளுக்கு ஒன்றாகப் போடுங்கள், ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். திங்கள் ஒரு பாத்ரூம், செவ்வாய் இன்னொன்று. புதன் ஒன்றுமில்லை. அந்தக் காலி நாள் வேண்டுமென்றே விட்டது, அதில் எதையும் நுழைக்காதீர்கள். வியாழன் எப்படியும் வெள்ளிக்கிழமைக்காகப் பூஜைச் சாமான் தேய்ப்பீர்கள், அதோடு அந்த அறைத் தூசியையும் தட்டிவிடுங்கள். வெள்ளி தலையணை உறை, படுக்கை விரிப்பு மாற்றுவது. சனி வீடு முழுக்கப் பெருக்கித் துடைப்பது. மின்விசிறி, ஜன்னல் கம்பி, ஃப்ரிட்ஜ் உள்பக்கம் எல்லாம் மாதம் ஒரு முறை போதும். ஞாயிற்றுக்கிழமை சமையல் மட்டும்.

வாரம் ஒரு முறை என்பதில் தள்ளிப்போடவே கூடாதது ஒன்று உண்டு: தேங்கிய தண்ணீர். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, ஏர்கூலர், மூடாத டிரம். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்தான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும். நார் போட்டுத் தேய்த்துக் கொட்ட வேண்டும்.

கேள்வி (பெருங்குடி): போர் தண்ணீர். பாத்ரூம் டைல்ஸ், குழாய் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. வாரா வாரம் தேய்த்துத் தோள்பட்டை வலிதான் மிச்சம். கடையில் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள்.

பதில்: அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்பு. தேய்த்தால் போகாது, புளிப்பில் கரையும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) இரண்டு மேசைக்கரண்டி எடுத்து அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். சமையல் வினிகர் என்றால் தண்ணீர் கலக்காமல் அப்படியே போடலாம்.

முதலில் சுவர் முழுக்க வெறும் தண்ணீர் அடித்து நனைத்துவிடுங்கள். டைல்ஸுக்கு இடையில் இருக்கும் வெள்ளை சிமெண்ட்டும் புளிப்புக்கு அரிக்கும். முன்பே தண்ணீர் குடித்திருந்தால் புளிப்பு உள்ளே அதிகம் இறங்காது. பிறகு படிவின் மேல் கரைசலைத் தெளித்து 15 நிமிடம் விடுங்கள். குழாய்க்கு, கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி விடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடம் உங்களுடையது. நாற்காலியில் போய் உட்காருங்கள். திரும்பி வந்து நார் போட்டு மெதுவாகத் தேய்த்தால் போதும். நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பழைய படிவு ஒரே தடவையில் போகாது, அடுத்த வாரமும் செய்யுங்கள்.

கடை ஆசிட் வேண்டாம். படிவோடு சேர்த்து இடுக்கு சிமெண்ட்டையும் குழாயின் பளபளப்பு முலாமையும் தின்றுவிடும். எலுமிச்சை உப்பே ஆனாலும் மார்பிள், மொசைக், கடப்பா கல், ரெட் ஆக்சைடு தரை ஆகியவற்றில் படக்கூடாது. இவை சுண்ணாம்போ சிமெண்ட்டோ கலந்தவை. ஒரு சொட்டு விழுந்து ஐந்து நிமிடம் நின்றாலே மெருகு போய் வட்டமாக மங்கிவிடும், பிறகு பாலிஷ்காரரைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை.

மறுபடி படியாமலிருக்க, கடைசியாகக் குளிப்பவர் கையில் வைப்பரைக் கொடுத்துவிடுங்கள். சுவரை ஒரு இழுப்பு, தரையை ஒரு இழுப்பு. தண்ணீர் நின்று காய்ந்தால்தான் சுண்ணாம்பு தங்கும்.

கேள்வி: டாய்லெட் கிளீனர் ஊற்றி, அதன் மேல் ப்ளீச்சிங் பவுடரும் போட்டால் இன்னும் நன்றாகச் சுத்தமாகுமா?

பதில்: கூடவே கூடாது. டாய்லெட் கிளீனரில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது ப்ளீச்சுடன் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய சின்ன பாத்ரூமில் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ப்ளீச்சோடு வினிகர், எலுமிச்சை உப்பும் ஆகாது. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது. ஒன்றைப் போட்டு நன்றாக ஃப்ளஷ் செய்து, மற்றதை வேறொரு நாள் போடுங்கள். தெரியாமல் கலந்து நெடி வந்தால் அதைச் சரிசெய்ய நிற்காமல் உடனே வெளியே வாருங்கள். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

வினிகரும் ஆப்பச் சோடாவும் சேர்த்தால் பொங்குமே, அது ஆபத்தில்லை, ஆனால் பிரயோசனமும் இல்லை. ஒன்றை ஒன்று முறித்து மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்.

கேள்வி (கும்பகோணம்): மதியம் படுத்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. எழுந்தால் தலை கனமாக இருக்கிறது, இரவிலும் தூக்கம் வரவில்லை. படுக்காமலே இருந்துவிடலாமா?

பதில்: படுங்கள், 20 நிமிடம் மட்டும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம். அங்கிருந்து பாதியில் எழுந்தால்தான் அந்தக் கனம். கண் அயர ஐந்து நிமிடம் சேர்த்து 25 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். மூன்று மணிக்கு மேல் படுக்க வேண்டாம், இரவுத் தூக்கத்திலிருந்து கடன் வாங்குவதாகிவிடும். சாயங்காலக் காபியையும் கொஞ்சம் பாருங்கள். காபியில் இருக்கும் கஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குக் குடித்தது இரவு பத்து மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். மூன்று மணிக்குள் குடித்துவிடுங்கள்.

கேள்வி: தினமும் ஃபினாயில் போட்டுத் துடைக்கிறேன். ஆனாலும் தரை பிசுபிசுப்பாகவே இருக்கிறது, காலடி பதிகிறது.

பதில்: அதிகமாகப் போடுகிறீர்கள். வாசனை வர வேண்டும் என்று ஊற்றும் ஒவ்வொரு மூடியும் தரையில் படலமாகக் காய்ந்து தூசியைப் பிடித்துவைக்கும். ஏற்கெனவே இருக்கும் படலத்தை எடுக்க, இரண்டு நாள் வெறும் வெந்நீரால் துடையுங்கள். பிறகு பாட்டிலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். பெருக்காமல் துடைக்க வேண்டாம், தூசி சேறாகி மூலைக்குப் போகும். இரண்டு அறைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். வாளித் தண்ணீர் கறுத்த பிறகு நீங்கள் செய்வது ஒரு அறை அழுக்கை இன்னொரு அறைக்குப் பூசுவது. தினமும் துடைக்க வேண்டியது சமையலறையும் சாப்பிடும் இடமும்தான். வீட்டில் பூனை இருந்தால் ஃபினாயிலையே நிறுத்துங்கள், அதன் உடம்புக்கு அது விஷம்.

கேள்வி (ஈரோடு): அடுப்புத் தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தின் அடி கரிப்பிடிக்கிறது. பின்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா?

பதில்: முடியும், இரண்டையும் சேர்த்து ஊற வைத்தால். ரெகுலேட்டரை மூடி, பர்னர் ஆறிய பிறகு மேல் தட்டைத் தூக்குங்கள். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டி, எலுமிச்சை உப்பு ஒரு கரண்டி போட்டு அதில் 20 நிமிடம் மூழ்கவிடுங்கள். அலுமினிய பர்னராக இருந்தால் சலவைச் சோடா போடக்கூடாது, கறுத்து அரிக்கும்.

அது ஊறும்போது சுவருக்கு வாருங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் சலவைச் சோடா ஒரு கரண்டி, கையுறை போட்டுக்கொண்டு. பழைய வேட்டித் துணியை அதில் நனைத்துப் பிழியாமல் டைல்ஸ் மேல் அப்பிவிடுங்கள். துணி சுவரோடு ஒட்டி நிற்கும். பத்து நிமிடம் கழித்து அதே துணியால் மேலிருந்து கீழே இழுத்தால் பழுப்பாகப் பிசுக்கு வரும். பிறகு வெறும் தண்ணீர்த் துணி.

இப்போது பர்னர். ஒவ்வொரு துளையிலும் ஊக்கு முனையை விட்டு எடுங்கள். பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் காய்ந்து அடைத்திருக்கும். காற்று சரியாகக் கலக்காததால்தான் தீ மஞ்சளாகிறது. அலசி, தலைகீழாக வைத்து முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தீ விட்டு விட்டு எரியும். சுத்தம் செய்தும் மஞ்சள் போகவில்லை என்றால் அடுப்புப் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள், அதற்கு மேல் நீங்களாகப் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: வேலைக்கு வரும் அக்கா சொல்லாமல் லீவு போட்டால் அன்றைக்கு எல்லாமே தலைகீழாகிறது.

பதில்: அவருக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். திடீர் லீவு குறையும். வராத நாளில் பாத்திரமும் சமையலறைத் தரையும் மட்டும் பாருங்கள், துணியும் மற்ற அறையும் ஒரு நாள் பொறுக்கும். பாத்திரத்தைக் காயவிடாதீர்கள். பால், முட்டை பட்டதைப் பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள், வெந்நீர் விட்டால் இறுகி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ச் சட்டிக்குத்தான் வெந்நீர்.

கேள்வி (கோவை, கணவர்): நான் உதவி செய்யத் தயார். ஆனால் நான் செய்ததை என் மனைவி மறுபடி செய்கிறார். பிறகு எதற்கு?

பதில்: மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்தவர்களில் பெண்கள் ஒரு நாளில் செலவழித்தது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். "என்ன செய்யட்டும்?" என்று கேட்டுக் கேட்டுச் செய்வதால் இந்தக் கணக்கு மாறாது, யோசிக்கும் வேலை அவரிடமே நிற்கும். ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்குத் துணி: கூடை நிறைந்ததைப் பார்ப்பது, சோப்புத்தூள் தீரும் முன் வாங்குவது, துவைத்து உலர்த்தி மடித்து அலமாரியில் வைப்பது வரை உங்களுடையது. எப்படி இருந்தால் முடிந்ததாக அர்த்தம் என்று ஒரு தடவை இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் கை வைக்கக்கூடாது, உங்கள் மடிப்பு கோணலாக இருந்தாலும்.

கேள்வி: துணி என்றதும் கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியிலும் நாற்றம் அடிக்கிறது.

பதில்: ஈரம் நீண்ட நேரம் நிற்பதால் கிருமி பெருகி வரும் வாடை அது. மெஷினை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், முடிந்ததும் உடனே எடுங்கள், ஸ்பின் மட்டும் இன்னொரு தடவை விடுங்கள். கொடியில் துணிக்குத் துணி ஒரு கை அகலம் இடைவெளி விட்டு மின்விசிறிக் கீழே போடுங்கள். சோப்புத்தூளைக் கூட்டினால் வாடையும் கூடும், அலசாமல் தங்கும் சோப்பும் கிருமிக்குத் தீனி. மாதம் ஒரு தடவை துணியில்லாமல் வெந்நீரில் ஓட்டி, மூடியைத் திறந்தே வையுங்கள். முன்பக்கக் கதவு மெஷினில் ரப்பர் மடிப்புக்குள் விரல் விட்டுப் பாருங்கள், கறுப்பாகக் கையில் வந்தால் காரணம் அங்கே.

கேள்வி (மதுரை, 66 வயது): குனிந்து பெருக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது.

பதில்: நீளக் கைப்பிடித் துடைப்பமும் மாப்பும் வாங்குங்கள். கைப்பிடி உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்து நகருங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு அறை போதும். மின்விசிறி துடைக்க ஸ்டூலில் ஏறவே வேண்டாம். ஏறக்கூடிய ஒருவர் வரும் நாளில், பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுக்கச் சொல்லுங்கள், தூசி உறைக்குள்ளேயே விழும். துடைத்த தரை காயும்வரை உட்கார்ந்திருங்கள், உங்கள் வயதில் ஈரத் தரையில் நடப்பது இடுப்புவலியைவிட மோசம்.

கேள்வி: காய்ச்சலில் இரண்டு வாரம் எதுவும் செய்யவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: இன்று என்ன கிழமையோ அந்தக் கிழமை வேலையிலிருந்து. விட்டதைச் சேர்த்துச் செய்தால் மறுபடி படுக்கைதான். தேங்கிய தண்ணீரைத் தேய்த்துக் கொட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, இந்த இரண்டை மட்டும் இன்றே வீட்டில் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.