புது அயர்ன் செட் வாங்கும் முன்: கேள்வி பதில்

கோல்ஃப் கிளப் ஃபிட்டிங்கும் (ஆளுக்குப் பொருந்தும்படி கிளப்பைத் தேர்ந்து சரிசெய்வது) பழுது பார்ப்பதும் என் தொழில். பெரும்பாலும் ஹேண்டிகேப் (இந்த எண் குறையக் குறைய ஆட்டம் மேல்) 18-க்கு மேல் இருந்து, ஆட்டம் மெல்லத் தேறிவருகிறவர்கள் அயர்ன் (தட்டையான உலோகத் தலை கொண்ட, எண்ணிட்ட கிளப்; எண் கூடினால் தூரம் குறையும்) பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். டிரைவர் (முதல் நீள அடிக்கான கிளப்), பட்டர் (பந்தைக் குழிக்கு உருட்டும் கிளப்) பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கோவை, ஹேண்டிகேப் 24: சார், செட்டிபாளையத்தில் ஆடுகிறேன். 34-லிருந்து இங்கே வந்திருக்கிறேன், இன்னும் இறங்குவேன் என்று நம்பிக்கை இருக்கிறது. 12 ஹேண்டிகேப்காரர்கள் வைத்திருக்கும் மெல்லிய அயர்னை இப்போதே வாங்கிவிட்டால் இரண்டாவது செலவு மிச்சம் இல்லையா?

வேண்டாம். இனி வரப்போகிற ஹேண்டிகேப்புக்கு யாரும் செட் வாங்காதீர்கள். இப்போது ஆடுகிற ஆட்டத்துக்கு வாங்குங்கள்.

அயர்னைத் தேர்ந்தெடுக்க உங்கள் நல்ல ஷாட் உதவாது. முகத்தின் நடுவில் பட்டால் எந்த கிளப்பும் நன்றாகத்தான் போகும். டோ பக்கம் (தலையின் வெளி நுனி) அரை அங்குலம் தள்ளிப் பட்ட பந்து எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. பிளேடு எனும் மெல்லிய தலை அயர்னில் அது கிரீனுக்கு (குழி இருக்கும் குட்டைப் புல்தரை) முன்னால் இருக்கும் பங்கரில் (மணற்குழி) விழும். பின்புறம் குடைந்து எடையை ஓரங்களுக்குக் கொண்டுபோன கேவிட்டி பேக்கில் அதே ஷாட் கிரீனின் முன் விளிம்பையாவது தொட்டுவிடும். பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் ஒரு பொறியாளர். எடை ஓரத்தில் இருந்தால் தலை முறுக்கிக்கொள்வது குறையும் என்று முதலில் பட்டரில் செய்து காட்டி, பிறகு அதையே அயர்னுக்கும் கொண்டுவந்தார். இன்று எல்லா கம்பெனியும் அந்த வழியில்தான் போகிறது.

சோதிப்பது எளிது. ஒயிட்போர்டு மார்க்கரை முகம் முழுக்கத் தேய்த்துவிட்டு ஒரு பந்து அடியுங்கள். பட்ட இடத்தில் மை அழிந்து வட்டமாகத் தெரியும். துடைத்துவிட்டு அடுத்தது. இரண்டு 7 அயர்னை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் 15 பந்து அடியுங்கள். எதையும் "இது கணக்கில் இல்லை" என்று ஒதுக்காதீர்கள். மிக நீளமான பந்துக்கும் மிகக் குட்டையான பந்துக்கும் இடைவெளி எதில் குறைவோ, அதுதான் உங்கள் கிளப்.

இந்தச் சோதனையைப் புல்லில் செய்யுங்கள். கடையிலும் ரேஞ்சிலும் (பயிற்சித் திடல்) விரித்திருக்கும் பாயில், பந்துக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே கிளப் தரையில் பட்டாலும் சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். திரையில் 150 யார்டு காட்டும். மைதானத்தில் அதே ஸ்விங்குக்கு 110 வந்தாலே அதிகம்.

சென்னை, ஹேண்டிகேப் 21: நண்பரின் புது 7 அயர்ன் என்னுடையதைவிட 15 யார்டு கூடப் போகிறது. டெக்னாலஜி அவ்வளவு முன்னேறிவிட்டதா?

பாதி டெக்னாலஜி, பாதி லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்; குறைந்தால் தூரம் கூடும்). கிளப்பின் அடியில் போட்டிருக்கும் எண் ஒரு பெயர்தான், அளவு அல்ல. டைட்டலிஸ்ட் டி100-இன் 7 அயர்ன் 34 டிகிரி. பிங் ஜி430-இன் 7 அயர்ன் 29 டிகிரி. 5 டிகிரி வித்தியாசம் என்பது ஒரு கிளப்புக்கும் மேல். நண்பர் அடிப்பது உங்கள் 6 அயர்ன், அதில் 7 என்று எழுதியிருக்கிறது.

இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அகலமான சோலும் (தலையின் அடிப்பாகம்) தாழ்ந்த எடை மையமும் பந்தைத் தாமாகவே உயரத் தூக்கும். லாஃப்டைக் குறைக்காமல் விட்டால் பந்து மேலே போய் நின்றுவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது? லாஞ்ச் மானிட்டரில் (பந்தின் பாதையை அளக்கும் கருவி) அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். 7 அயர்னில் 45 டிகிரி பக்கமாக இறங்கினால் கிரீனில் நிற்கும். 38-இல் இறங்கினால் கிரீனைத் தாண்டி உருண்டு ஓடிவிடும். அந்த 15 யார்டால் பயனில்லை.

இன்னொன்றையும் வாங்கும்போதே கணக்குப் பாருங்கள். இப்படிப்பட்ட செட்டில் பிட்சிங் வெட்ஜே (வெட்ஜ் என்பது குறுந்தூர கிளப்) 41 முதல் 43 டிகிரிதான். உங்களிடம் இருப்பது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் என்றால் நடுவில் 13 முதல் 15 டிகிரி பள்ளம். 90 யார்டிலிருந்து அடிக்கக் கையில் கிளப் இருக்காது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, அதே செட்டில் வரும் கேப் வெட்ஜையும் சேர்த்து வாங்குங்கள்.

மதுரை, ஹேண்டிகேப் 28: பட்ஜெட் 60,000. எந்த செட் வாங்கலாம்?

பெயர் சொல்லமாட்டேன். கோவைக்காரருக்குச் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். இந்தப் பணத்துக்கு மூன்று, நான்கு வருடம் பழைய மாடல் நல்ல நிலையில் கிடைக்கும்.

பெங்களூரு, ஹேண்டிகேப் 19: எனக்கு 32 வயது, ஜிம்முக்குப் போகிறேன். ஸ்டிஃப் ஷாஃப்ட்தானே (விறைப்பான தண்டு) வேண்டும்?

தோள் பலத்துக்கும் ஷாஃப்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டிஃப் இன்னொரு கம்பெனியின் ரெகுலர். அந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. முதலில் எடையைப் பாருங்கள். டைனமிக் கோல்டு எஸ்300 என்ற ஸ்டீல் ஷாஃப்ட் சுமார் 130 கிராம். நிப்பான் 950 ஜிஎச் 100 கிராமுக்குள் வரும் ஸ்டீல். கிராஃபைட் 60-இலிருந்து 80 வரை பல இருக்கிறது. 18 ஹோல் முடியும் நேரத்தில் எது கையில் பாரமாகத் தெரியவில்லையோ அந்த எடைக்குள் தேடுங்கள். கடையில் முதல் பத்துப் பந்துக்கு எல்லாருக்கும் கனமான ஷாஃப்ட் நன்றாகத்தான் இருக்கும்.

சென்னை, ஹேண்டிகேப் 26: அண்ணா, என் உயரம் 6 அடி 1 அங்குலம். நீளமான கிளப் வாங்க வேண்டுமா?

உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கை நீளமாக இருந்தால் சாதாரண நீளமே போதும். நிமிர்ந்து நின்று மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளந்து ஃபிட்டரிடம் கொடுங்கள்.

உங்களுக்கு அதைவிட முக்கியம் லை ஆங்கிள் (ஷாஃப்ட் தரையோடு நிற்கும் கோணம்). பந்தில் மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு செங்குத்தாக, கிளப் முகத்தைப் பார்த்து இருக்கும்படி வைத்து அடியுங்கள். கோடு அப்படியே முகத்தில் பதியும். நேராக நின்றால் லை சரி. கோட்டின் மேல் நுனி டோ பக்கம் சாய்ந்தால் கிளப் அதிகம் நிமிர்ந்திருக்கிறது, பந்து இடப்பக்கம் போகும். ஹீல் பக்கம் (தலையில் ஷாஃப்ட் சேரும் பக்கம்) சாய்ந்தால் அதிகம் படுத்திருக்கிறது, பந்து வலப்பக்கம் போகும். வலக்கை ஆட்டக்காரருக்குச் சொல்கிறேன். 150 யார்டு ஷாட்டில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 4 யார்டு விலகும்.

சென்ற மாதம் ஒருவர் ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து போவது) என்று சொல்லி வந்தார். அவர் 8 அயர்னைத் திருப்பிப் பார்த்தேன். சோலில் டோ பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது, ஹீல் பக்கம் பெயிண்ட்கூட உரியவில்லை. 2 டிகிரி நிமிர்த்திக் கொடுத்தேன், வலப்பக்கம் போவது பாதியாகக் குறைந்தது. வாங்கும் கடையிலேயே லையைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

சென்னை, ஹேண்டிகேப் 8: நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நான் பிளேடில்தான் கற்றேன். தப்பாக அடித்தால் கை அதிர வேண்டும், அப்போதுதான் ஸ்விங் திருந்தும். மன்னிக்கிற கிளப் ஆட்டக்காரனைச் சோம்பேறியாக்கும்.

இதை நிறையப் பேர் நம்புகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். கேவிட்டி பேக்கிலும் தப்பாக அடித்தால் தெரியும். சத்தம் மாறும், கையில் வேறு மாதிரி இருக்கும், பந்து குட்டையாக விழும். தகவல் அப்படியே கிடைக்கிறது, தண்டனை மட்டும்தான் குறைகிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிறவருக்கு ஒவ்வொரு தவறுக்கும் 25 யார்டு தண்டனை கொடுத்தால் அவர் என்ன செய்வார்? பந்தைத் தூக்கிவிட முயல்வார், உடம்பை இழுத்துப் பிடித்துக்கொள்வார். அங்கேதான் ஸ்விங் கெடுகிறது. என்னிடம் வரும் பிளேடுகளில் பாதிக்கும் மேல் இப்படித் துவண்டுபோனவர்கள் விற்கக் கொண்டுவருபவைதான்.

கோவை, ஹேண்டிகேப் 15: நானும் 8 ஹேண்டிகேப்காரர் பக்கம்தான். உலகத்தரப் புரோக்கள் பிளேடுதானே வைத்திருக்கிறார்கள்?

எல்லாரும் இல்லை. 2010-இல் உலக நம்பர் 1 ஆன லீ வெஸ்ட்வுட் ஆடியது பிங் அயர்ன். இன்றைய புரோக்களில் பலர் நீள அயர்னுக்குக் கேவிட்டி பேக்கும் குட்டை அயர்னுக்கு மெல்லிய தலையுமாகக் கலந்து வைத்துக்கொள்கிறார்கள். தினமும் நூற்றுக்கணக்கில் அடிக்கிறவர்களே உதவி தேடும்போது நாம் ஏன் மறுக்க வேண்டும்?

சென்னை, ஹேண்டிகேப் 8: அப்படியானால் ஃபோர்ஜ்டு (உலோகத்தை அடித்துச் செய்தது) தரும் ஃபீல்? காஸ்ட் (வார்த்துச் செய்தது) கிளப்பில் அது வரவே வராது.

ஃபீல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு காதில் கேட்கும் சத்தம். முகம் எவ்வளவு தடிமன், தலைக்குள் வெற்றிடமா, ஜெல் நிரப்பியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். அடித்துச் செய்ததா வார்த்துச் செய்ததா என்பது அதற்குப் பிறகுதான். ஃபோர்ஜ்டில் எனக்குப் பிடித்தது வேறு: கார்பன் ஸ்டீல் மிருது, லையை வளைக்கக் கை நோகாது. 17-4 ஸ்டெயின்லெஸ் காஸ்ட்டை வளைக்கச் சிரமப்பட வேண்டும். உங்கள் ஹேண்டிகேப் 8, பிளேடு பொருந்தியிருக்கிறது, தாராளமாக ஆடுங்கள். 24-இல் இருப்பவருக்கு அதைப் பரிந்துரைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்வோம், காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

திருநெல்வேலி, ஹேண்டிகேப் 30: என் பட்ஜெட் 80,000. எந்த செட் நல்லது?

மதுரைக்காரருக்குச் சொன்னதேதான்.

கொழும்பு, ஹேண்டிகேப் 23: அண்ணா, நுவரெலியாவில் ஒரு டெமோ செட் அடித்துப் பார்த்தேன், 10 யார்ட் கூடப் போனது. வாங்கலாமோ?

கொழும்பில் அதையே ஒரு தடவை அடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நுவரெலியா 6,000 அடிக்கு மேல். மெல்லிய காற்றில் ஆயிரம் அடிக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவே தூரம் கூடும், ஆக அந்த 10 யார்டு மலையினுடையது. உதகையிலும் கொடைக்கானலிலும் சோதிக்கிறவர்களுக்கும் இதுதான் பதில். இரண்டு கிளப்பை ஒரே இடத்தில், ஒரே நாளில் அடித்து ஒப்பிட்டால் உயரம் ஒரு பொருட்டில்லை. அதையும் பாயில் அடிக்காதீர்கள்.

சேலம், ஹேண்டிகேப் 25: பழைய செட் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? ஆன்லைனில் பாதி விலைக்குப் புது செட்டே வருகிறதே?

பாதி விலைக்குப் பெட்டி பிரிக்காத புது மாடல் வந்தால் விட்டு விலகுங்கள். போலி கிளப் இந்தச் சந்தையில் நிறைய நடமாடுகிறது. தலையின் எடையும் லாஃப்டும் கிளப்புக்குக் கிளப் தாறுமாறாக இருக்கும், எழுத்தின் பெயிண்ட் கரை வழிந்திருக்கும்.

பழையதில் முதலில் வெட்ஜையும் 8, 9 அயர்னையும் எடுத்துப் பாருங்கள், அதிகம் தேய்வது அவைதான். க்ரூவ் (முகத்தில் இருக்கும் கோட்டுப் பள்ளம்) ஓரத்தில் நகத்தை ஓட்டினால் தடங்க வேண்டும், வழுக்கினால் தேய்ந்துவிட்டது. எல்லா ஷாஃப்டிலும் ஒரே லேபிள் இருக்கிறதா? தலையை ஆட்டினால் உள்ளே கடகடவென்கிறதா? பிங் என்றால் ஹோசலில் (ஷாஃப்ட் செருகும் குழாய்ப் பகுதி) வரிசை எண் இருக்கும். அதைக் கொடுத்துக் கேட்டால் எந்த நீளம், எந்த லையில் வெளிவந்தது என்று கம்பெனி சொல்லும். தலையில் இருக்கும் வண்ணப் புள்ளியும் லையைக் காட்டும்: கறுப்பு ஸ்டாண்டர்டு லை. நீலம் நிமிர்ந்தது, சிவப்பு படுத்தது. கிரிப் தேய்ந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அதற்காக செட்டை விட்டுவிடாதீர்கள்.

சென்னை, ஹேண்டிகேப் 22: மே மாதத்தில் ஃபேர்வே (மைதானத்தின் ஆட்டப் புல்வெளி) கட்டாந்தரை. அகலமான சோல் தரையில் பட்டு எகிறுகிறது, பந்து டாப் ஆகிறது (மேல்பாதியில் அடி படுகிறது).

நீங்கள் டைவட் (புல்லோடு பெயரும் மண்) எடுக்காமல் பந்தை வழித்து எடுக்கிறவராக இருக்க வேண்டும். அந்த ஸ்விங்குக்குக் காய்ந்த தரையில் நடுத்தர அகலம் பொருந்தும், பின் ஓரம் செதுக்கியிருந்தால் இன்னும் நல்லது. ஆழமாக வெட்டுகிறவர்கள் அகலத்தை விடக்கூடாது. பாயில் அடித்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஈரோடு, ஹேண்டிகேப் 27: 4, 5 அயர்ன் வேண்டுமா?

5 அயர்ன் உங்கள் 6-ஐவிட 10 யார்டாவது கூடப் பறக்கிறதா என்று பாருங்கள். உருளும் தூரத்தைச் சேர்க்காதீர்கள். இல்லை என்றால் 6-லிருந்து கேப் வெட்ஜ் வரை வாங்கிவிட்டு, மேலே ஹைப்ரிடோ 7 வுட்டோ (நீள அயர்னுக்கு மாற்றான கிளப்கள்) வைத்துக்கொள்ளுங்கள். பையில் 14 கிளப்தான் அனுமதி, அடிக்க முடியாததற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

கோவை, ஹேண்டிகேப் 31: எனக்கு ஷாங்க் (பந்து ஹோசலில் பட்டுப் பக்கவாட்டில் பாய்வது) அடிக்கடி வருகிறது. எந்த அயர்ன் வாங்கினால் நிற்கும்?

எதனாலும் நிற்காது. ஒரு கோச்சிடம் போங்கள், செட்டை அப்புறம் பார்க்கலாம்.

திண்டுக்கல், ஹேண்டிகேப் 20: பட்ஜெட் ஒரு லட்சம். எந்த செட்…

மேலே படியுங்கள்.

சென்னை, ஹேண்டிகேப் 24: புது செட்டுக்கு இப்போது வசதி இல்லை. இருப்பதை வைத்தே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். லாஃப்டையும் லையையும் ஒவ்வொரு கிளப்புக்கும் அளக்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் அடித்த செட்டில் இரண்டு கிளப் ஒரே லாஃப்டில் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 7-ம் 8-ம் ஒரே தூரம் போகிறது என்று புலம்புகிறவர்களின் காரணம் பெரும்பாலும் இதுதான். அப்புறம் கிரிப்பை மாற்றுங்கள். நம் ஊர் வியர்வைக்கு வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடித்தே முன்கை கல்லாகிவிடுகிறது. கை பெரிதாக இருந்தால் அடியில் ஒரு சுற்று டேப் கூடுதலாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு சீசன் அப்படி ஆடிவிட்டு வாருங்கள், எந்த செட் என்று அப்போது பேசலாம்.