சீன நகரங்களில் வாடகை சைக்கிள் எப்படி இயங்குகிறது?

பெய்ஜிங், ஷாங்காய் தெருவோரங்களில் வரிசையாக நிற்கும் மஞ்சள், நீல சைக்கிள்கள் பொது வாடகைக்கு உள்ளவை. கைபேசியில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும்; இறங்கிப் பூட்டினால் கணக்கு முடிந்தது. டீக்கடைப் பேப்பர் மாதிரிதான்: படித்துவிட்டு வைத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.

இது அங்கே வேரூன்றக் காரணம், மெட்ரோ நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே விடுபடும் ஒன்றிரண்டு கிலோமீட்டர். அதோடு, பெரிய சாலைகள் பலவற்றில் சைக்கிளுக்குத் தனிப் பாதை முன்பே இருந்தது. ஊர் சுற்றவும் இதுவே வசதி; பெய்ஜிங்கின் ஹூதோங் சந்துகளில் கார் திணறும். (மின் ஸ்கூட்டர்களும் சைக்கிள் பாதையில்தான் சத்தமில்லாமல் வரும், பார்த்து!)

வாடகை சைக்கிளை எங்கே வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2017 வாக்கில் நடைபாதைகள் சைக்கிளால் அடைபட்ட பிறகு விதிகள் இறுகின. இப்போது குறித்த இடத்துக்கு வெளியே நிறுத்தினால் கூடுதல் கட்டணம் விழலாம்.